நல்ல கொசுறு: புவோனரோத்தி என்ற பெயர் வந்த கதையும் அற்றுப்போன கணக்கும்

1548 மே மாதம் ரோமிலிருந்து ஃபுளோரன்சுக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவருக்கு வயது 73. ஊரில் ஒரு பாதிரியார் தனக்கு எழுதும் கடிதங்களில் 'சிற்பி மைக்கேலாஞ்சலோவுக்கு' என்று முகவரி போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கே என்னை மைக்கேலாஞ்சலோ புவோனரோத்தி என்றுதான் தெரியும், இனிமேல் அப்படி எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவை என அண்ணன் தம்பிகளின் ஒரே ஆண் வாரிசான லியனார்தோவுக்கு அவர் எழுதினார்.

உலகம் அவரை முதற்பெயரால் மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டது. அவர் கட்டிக்காத்த குடும்பப்பெயர், அவர் இறந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில், 1858இல், கோசிமோ புவோனரோத்தி பிள்ளையில்லாமல் காலமானபோது அந்த வீட்டில் அற்றுப்போனது. எப்படிப் பிறந்தது, ஏன் பெருகவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தப் பெயருக்குள்ளேயே பாதி இருக்கிறது.

'புவோன' என்பது 'நல்ல'. 'அர்ரோத்தா' என்பது ஃபுளோரன்ஸ் இருக்கும் தொஸ்கானா பகுதியின் பழைய வழக்கில் கூடுதலாகச் சேர்த்துக் கொடுப்பது. கடைக்காரர் எடை போட்ட பிறகு மேலே ஒரு கை அள்ளிப் போடுகிறாரே, அதுதான். ஃபுளோரன்ஸ் குடியரசில் சபைகளுக்குத் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட கூடுதல் உறுப்பினர்களையும் இதே சொல்லால்தான் அழைத்தார்கள். ஆக, புவோனரோத்தா என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்கள் 'வீட்டுக்கு நல்வரவாக வந்து சேர்ந்தவன்' என்று வாழ்த்தியிருக்கிறார்கள். தமிழில் நேராகச் சொன்னால் நல்ல கொசுறு.

இடைக்காலத் தொஸ்கானாவில் இப்படி வாழ்த்தையே பெயராக வைப்பது சாதாரணம். பொனையூத்தோ என்றால் நல்ல துணை. பென்சிவென்னி என்றால் நன்றாக வந்தாய். தியோதிசால்வி என்றால் கடவுள் உன்னைக் காக்கட்டும். நெப்போலியனின் முன்னோர் சுமந்த புவோனபார்த்தேகூட 'நல்ல பக்கம், நல்ல பங்கு' என்ற இந்த வகைதான். கலிலியோவின் குடும்பம் முதலில் பொனையூத்தியாக இருந்து, 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கலிலியோ பொனையூத்தியின் முதற்பெயரிலிருந்து கலிலெயி ஆனது.

கடைசியில் நிற்கும் 'இ' என்ற விகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். நோட்டரிகள் பத்திரங்களை லத்தீனில் எழுதினார்கள். 'இன்னாருடைய மகன்' என்னும்போது தந்தை பெயரின் வேற்றுமை விகுதி பெரும்பாலும் 'இ' என்று முடியும். பேச்சு மொழியிலோ பன்மைக்கு 'இ'. புவோனரோத்தாவின் பிள்ளைகள், புவோனரோத்தா வீட்டார் என்ற இரண்டு பொருளும் ஒரே ஒலியில் கலந்துவிட்டன. தொஸ்கானாவின் பெரும்பாலான குடும்பப்பெயர்கள் 'இ'யில் முடிவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அந்தக் காலத்தில் குடும்பப்பெயர் என்பது இன்று போல் ஆணியடித்த பொருளில்லை. மைக்கேலாஞ்சலோவின் தந்தை பத்திரங்களில் லொதோவிக்கோ தி லியனார்தோ தி புவோனரோத்தா சிமோனி. அதாவது புவோனரோத்தாவின் மகன் லியனார்தோ, அவருடைய மகன் லொதோவிக்கோ, சிமோனி குடும்பம். நம் தலைப்பெழுத்து முறையை மூன்று தலைமுறைக்கு நீட்டியது போலத்தான். 1427இல் ஃபுளோரன்ஸ் அரசு வரிக்காக எடுத்த காத்தாஸ்தோ கணக்கெடுப்பில் ஏறத்தாழ 60,000 வீடுகளும் 2,60,000 மக்களும் பதிவானார்கள். அவர்களில் குடும்பப்பெயர் இல்லாதவர்களே பெரும்பான்மை. குடும்பப்பெயர் என்பது சொத்தும் பதவியும் உள்ளவர்களின் உடைமையாக இருந்தது. இரண்டு பெயர்கள் போட்டியில் இருந்த வீட்டில் எது நிலைக்கும் என்பதை யாரும் தீர்மானித்து வைக்கவில்லை.

இங்கேதான் ஒரு முரண். சிமோனே ஊருக்குப் பத்துப் பேர் வைத்துக்கொண்ட பெயர். ஆகவே சிமோனி என்ற குடும்பப்பெயர் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல வீடுகளில் தனித்தனியாக முளைத்தது. இன்றும் இத்தாலியில் சாதாரணமாகக் காதில் விழும். புவோனரோத்தாவோ அரிதான முதற்பெயர். அதிலிருந்து பிறந்த குடும்பப்பெயருக்கு வேர் ஒன்றுதான். பழைய பெயரோடு நின்றிருந்தால் இந்தப் 'பெயர்' தப்பித்திருக்கும், 'குடும்பம்' என்ன ஆகியிருந்தாலும். 1499 வாக்கில் பியெத்தா சிலையில் கன்னி மரியாளின் மார்புப் பட்டையின் மேல் அவர் செதுக்கிய லத்தீன் கையொப்பத்தில் இருப்பது 'பொனரோத்துஸ்', சிமோனி இல்லை.

பெயரின் மீது அவருக்கிருந்த பிடிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. தாங்கள் கனோஸ்ஸா பிரபுக்களின் வழி என்று அவர் நம்பினார். 1520இல் கனோஸ்ஸா கோமகன் ஒருவர் உறவு சொல்லி எழுதிய கடிதம் அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டது; 1553இல் கொந்திவி எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதல் பக்கங்களிலேயே அது ஏறிவிட்டது. ஆவணங்கள் இதற்கு இடம் தரவில்லை. பழம்பெரும் குடும்பத்தோடு முடிச்சுப் போடும் ஆசை அரிய குடும்பப்பெயர்களின் வரலாற்றில் எல்லாம் தலைகாட்டும். தேடுகிறவர் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியதும் அதுதான்.

தேடும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரிய பெயர்களில்தான் தவறுகள் அதிகம். இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். புகழ்பெற்ற முன்னோரிலிருந்து முன்னோக்கி வரக்கூடாது. முதலில் பிறந்த ஊரின் நகராட்சியில் பிறப்புப் பதிவின் முழு நகல் கேட்க வேண்டும். சுருக்கச் சான்றிதழ் பயனில்லை. முழு நகலில்தான் பெற்றோர் விவரமும் ஓரக் குறிப்புகளும் இருக்கும். ஒன்றுபட்ட இத்தாலியின் குடிமைப் பதிவு 1866 ஜனவரி 1இல் தொடங்குகிறது. அதற்கு முன் நெப்போலியன் காலத்துப் பதிவுகள் சில ஆண்டுகளுக்கு உண்டு. அரசு ஆவணக் காப்பகங்கள் இவற்றில் பெரும்பகுதியை 'அந்தேனாத்தி', அதாவது முன்னோர்கள், என்ற இணையதளத்தில் இலவசமாக ஏற்றிவைத்திருக்கின்றன. அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் பங்குக் கோயில் ஏடுகள்தான். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. அதனால் பெரும்பாலான ஊர்களில் தேடல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் முட்டி நின்றுவிடும்.

ஃபுளோரன்ஸ் இதற்கு விதிவிலக்கு. நகரத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே இடத்தில், சான் ஜொவான்னி திருமுழுக்குக் கூடத்தில், திருமுழுக்கு நடந்தது. அங்கே 1450 முதலான ஏடுகள் இன்றும் உள்ளன. அதற்கு முந்தைய நூற்றாண்டில் கணக்கு வைத்த விதத்தை வரலாற்றாசிரியர் வில்லானி எழுதியிருக்கிறார்: ஆண் குழந்தைக்கு ஒரு கறுப்பு மொச்சை, பெண்ணுக்கு ஒரு வெள்ளை மொச்சை. எண்ணிக்கை கிடைக்கும், பெயர் கிடைக்காது.

இந்த ஏடுகளில் மைக்கேலாஞ்சலோவைத் தேடினால் கிடைக்கமாட்டார். தந்தை காப்ரேசே என்ற மலையூரில் அரசு நிர்வாகியாகப் பதவியில் இருந்தபோது பிறந்தவர் அவர், திருமுழுக்கும் அங்கேயே. பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று முடிவு கட்டினால் போச்சு. அவர் பிறப்புக்குக் கிடைக்கும் சான்று தந்தை எழுதிவைத்த வீட்டுக் குறிப்பு. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1474 மார்ச் 6, திங்கட்கிழமை, விடியலுக்கு முன் என்று எழுதியிருக்கிறார் லொதோவிக்கோ. நமக்குத் தெரிந்த ஆண்டு 1475. இரண்டுமே சரி. ஃபுளோரன்சில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான எந்தத் தேதிக்கும் ஓர் ஆண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊரான பீசாவும் மார்ச் 25இல்தான் ஆண்டைத் தொடங்கியது, ஆனால் ஓர் ஆண்டு முன்னதாக எண்ணியது. அங்கே 1476 ஏப்ரல் என்று இருந்தால் அது நம் 1475 ஏப்ரல். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இரண்டு ஊர்களுக்கு இடையே ஆண்டுக் கணக்கு ஒன்று வித்தியாசப்படும். 1750இல்தான் இரண்டும் ஜனவரி 1க்கு வந்தன. இதை மறந்தவர்கள், தந்தை இறந்து ஓராண்டு கழித்து மகன் பிறந்ததாக வம்சாவளி வரைந்துவிடுவார்கள்.

அடுத்த தொல்லை ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது. இறந்த உறவினரின் பெயரைப் புதிய குழந்தைக்கு வைப்பதை ஃபுளோரன்ஸ்காரர்கள் ரிஃபாரே, 'மறுபடி செய்தல்', என்றார்கள். பெயரன் என்பதே பேரன் ஆன மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புவோனரோத்தி வீட்டில் லியனார்தோ, புவோனரோத்தோ, மைக்கேலாஞ்சலோ, ஃபிலிப்போ என்று ஒரே கைப்பிடிப் பெயர்கள் நூற்றாண்டுக்கணக்கில் சுற்றிச்சுற்றி வருகின்றன. சித்தப்பாவையும் அண்ணன் மகனையும் ஒருவராக எண்ணிவிடாமல் இருக்க, ஒவ்வொரு பெயருக்கும் தந்தை, பாட்டன் பெயர் இரண்டையும் சேர்த்தே குறிக்க வேண்டும். எழுத்துக் குழப்பம் இன்னொரு பக்கம். பொனரோத்தி, புவோனரோத்தி, 'ர' இரட்டித்தது, 'த' இரட்டித்தது என்று எல்லாம் ஏடுகளில் வரும். அகரவரிசை அட்டவணையில் 'பொ', 'புவோ' இரண்டின் கீழும் பார்க்காமல் பக்கத்தை மூடக்கூடாது.

இனி அரிதான கதைக்கு வருவோம். லொதோவிக்கோவுக்கு ஐந்து மகன்கள். ஒரு பெயர் தழைக்க இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? மூத்தவர் லியனார்தோ தொமினிக்கன் துறவியானார். இரண்டாமவர் மைக்கேலாஞ்சலோ, மணம் செய்யவில்லை. கலையே தனக்குப் போதும் போதுமென்னும் மனைவி, படைப்புகளே பிள்ளைகள் என்று அவர் சொன்னதாக, அவர் வாழ்க்கையை எழுதிய வசாரி குறிப்பிடுகிறார். நான்காமவர் ஜொவான் சிமோனே 1548இலும், கடைக்குட்டி ஜிஸ்மோந்தோ 1555இலும் வாரிசில்லாமல் போனார்கள். நடுவில் பிறந்த புவோனரோத்தோ ஒருவருக்குத்தான் குடும்பம் அமைந்தது. அவரும் 1528இல் கொள்ளைநோயில் இறந்தார். மிஞ்சியது ஒரு பெண், ஒரு பையன். பெண் பிரான்செஸ்கா குயிச்சார்தீனி வீட்டுக்கு மருமகளாகப் போனாள். அவள் பிள்ளைகளின் உடம்பில் புவோனரோத்தி ரத்தம் ஓடியது, பெயரில் ஓடவில்லை. பையன்தான் நாம் தொடக்கத்தில் பார்த்த லியனார்தோ.

ஐந்து கிளைக்கு ஒரே கொழுந்து. பெரியப்பா படபடத்ததில் ஆச்சரியமில்லை. 1540களின் பிற்பகுதி முதல் அவர் எழுதிய கடிதங்களில் பெண் பார்க்கும் பேச்சு ஓயவே இல்லை. சீதனத்தைப் பார்க்காதே, நல்ல குடியா, உடம்புக்கு ஆரோக்கியமா, குணமானவளா என்று பார் என்கிறார். அழகைப் பற்றிக் கவலைப்படாதே, நீ ஒன்றும் ஃபுளோரன்சின் அழகன் இல்லையே, ஊனமும் அருவருப்பும் இல்லாமல் இருந்தால் போதும் என்று ஒரு குத்தும் விடுகிறார். 1553இல் கஸ்ஸாந்திரா ரிதோல்ஃபியோடு திருமணம் முடிந்தது. மறு ஆண்டு அவள் கருவுற்றபோது, ஆண் பிள்ளையானால் புவோனரோத்தோ என்று வைக்கச் சொன்னார். இந்தப் பெயர் நம் வீட்டில் முந்நூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது, இல்லாமல் போகக்கூடாது என்றார். பிள்ளை ஆண்தான். பெயரும் அதேதான்.

1553இல் நடந்த அந்தத் திருமணத்திலிருந்து 1858 வரை 305 ஆண்டுகள், ஒரு தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்றால் பத்துத் தலைமுறை. இந்தத் தூரத்தை ஒற்றைக் கிளையில் தொடங்கும் பெயர் கடக்க எவ்வளவு வாய்ப்பு? 1870களில் இங்கிலாந்தில் கால்டன், வாட்சன் என்ற இரண்டு அறிஞர்கள் இதே கேள்வியைக் கணக்காகப் போட்டார்கள். ஒவ்வொரு ஆணுக்கும் வளர்ந்து குடும்பம் நடத்தும் மகன்கள் சராசரியாக ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சராசரிதான், ஒருவருக்கு மூன்று இருக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே இருக்காது, தற்செயலாகப் பரவும். அப்படியானால் முதல் தலைமுறையிலேயே பெயர் அற்றுப்போகும் வாய்ப்பு 37 சதவீதம். இரண்டாம் தலைமுறை முடிவில் 53. ஐந்தாவதில் 73. பத்தாவதில் 84. மக்கள்தொகை குறையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆள் எண்ணிக்கை அப்படியே நிற்க, பெயர்கள் மட்டும் உதிர்கின்றன. சராசரியை 1.2 ஆக உயர்த்தினாலும் ஏறக்குறைய 31 சதவீதப் பெயர்கள் என்றாவது ஒரு நாள் மறையும். (எல்லாப் பெயர்களும் மறைந்தே தீரும் என்று வாட்சன் முடித்தது பிசகு. சராசரி ஒன்றைத் தாண்டினால் சில தப்பிக்கும்.)

லொதோவிக்கோவின் ஐந்து மகன்களும் குடும்பம் நடத்தியிருந்தால் இதே கணக்கில் பத்துத் தலைமுறைக்குப் பின் பெயர் அழியும் வாய்ப்பு 84இலிருந்து 42 சதவீதமாகப் பாதியாகியிருக்கும். அந்தத் தலைமுறையிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதியை உயர்குடி வழக்கம் முடித்தது. 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஃபுளோரன்ஸ் செல்வந்தர் வீடுகளில் சொத்தைப் பிரிக்காமல் வைக்க ஃபெதெகொம்மெஸ்ஸோ என்ற ஏற்பாடு பரவியது. வாரிசு சொத்தை அனுபவிக்கலாம், விற்கக்கூடாது, அடுத்த ஆண் வாரிசுக்கு முழுதாக ஒப்படைக்க வேண்டும். அண்ணன் தம்பிகளில் ஒருவர்தான் மணம் செய்வார். மற்றவர்கள் குருமடத்துக்கோ படைக்கோ போவார்கள், அல்லது வீட்டிலேயே கட்டைப் பிரம்மச்சாரியாக முதிர்வார்கள். ஏறிக்கொண்டே போன சீதனத்துக்கு அஞ்சிப் பெண்களைக் கன்னியர் மடங்களுக்கு அனுப்பினார்கள். பெயரின் பெருமைக்காகச் சொத்தைக் காத்தார்கள். சொத்தைக் காத்ததால் பெயரைத் தாங்க ஆளில்லை. புவோனரோத்தி வீடும் புகழ்பெற்ற தனிமனிதர்களைத் தந்தது: கவிஞர் இளைய மைக்கேலாஞ்சலோ, தொல்பொருள் அறிஞர் ஃபிலிப்போ, பிரெஞ்சுப் புரட்சியில் குதித்து 1837இல் பாரிசில் இறந்த இன்னொரு ஃபிலிப்போ. தனிமனிதர்கள் இருந்தார்கள், கிளைகள் பெருகவில்லை.

எதிர்த்துருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வீட்டிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் போதும். 1445இல் திறக்கப்பட்ட இன்னொசெந்தி அனாதை விடுதி, புருனெல்லெஸ்கி கட்டியது. பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகளை எடுத்து வளர்த்த இடம். அங்கே வளர்ந்தவர்களுக்கு இன்னொசெந்தி, நொசெந்தி, நொசெந்தீனி போன்ற பெயர்கள் அமைந்தன. நேப்பிள்சில் இதே வகைப் பெயர் எஸ்போசிதோ, 'வெளியே வைக்கப்பட்டவர்'. பாட்டன் பெயர் தெரியாத பிள்ளைகளின் இந்தப் பெயர் இன்று இத்தாலியின் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரியோடு முன்வரிசையில் நிற்கிறது. மாயம் ஒன்றுமில்லை. செம்பட்டைத் தலை எல்லா ஊரிலும் உண்டு, ஆகவே ரோஸ்ஸி எல்லா ஊரிலும் உண்டு. கொல்லர் எல்லா ஊரிலும் உண்டு, ஆகவே ஃபெர்ராரி. மேலே சொன்ன அதே கணக்கில், உறவில்லாத நூறு பேரிடம் தொடங்கும் பெயர் பத்துத் தலைமுறையில் அறவே அழியும் வாய்ப்பு பத்துக் கோடியில் மூன்றுதான்.

அழிவைத் தடுக்க ஒரு பழைய உபாயம் இருந்தது. கவிஞர் தாந்தேயின் அலிகியேரி குடும்பம் வெரோனாவில் ஆண் வாரிசின்றி நின்றபோது, 1549இல் ஜினேவ்ரா அலிகியேரி செரேகோ வீட்டில் மணம் முடித்தாள். இரண்டு பெயரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு சொத்து கைமாறியது. செரேகோ அலிகியேரி இன்றும் இருக்கிறார்கள். தாந்தேயின் மகன் பியெத்ரோ 1353இல் வாங்கிய கார்காஞ்ஞாகோ நிலத்தில் இப்போதும் திராட்சை பயிராகிறது. கோசிமோ வேறு வழியில் போனார். வீயா கிபெல்லீனா தெருவில் 1508இல் மைக்கேலாஞ்சலோ வாங்கிப் போட்ட மனையில் எழுந்த வீட்டையும், உள்ளே இருந்த ஓவியங்கள், சிற்பங்கள், குடும்பக் காகிதங்களையும் நகரத்துக்கு எழுதிவைத்தார். 1859 முதல் அது காசா புவோனரோத்தி அருங்காட்சியகம். மனிதர்களிடம் இல்லாத பெயர் கட்டடத்துக்கு ஒட்டிக்கொண்டது; மிலானில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கும்.

இன்றைய சட்டம் இதில் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1975 குடும்பச் சட்டத்துக்குப் பின் மணமான பெண் தன் பெயரை விடுவதில்லை, கணவர் பெயரைக் கூடவே சேர்த்துக்கொள்கிறார் என்றாலும், பிள்ளைக்குத் தந்தை பெயர்தான் தானாகப் போனது. 2016இல் பெற்றோர் இருவரும் ஒத்துக்கொண்டால் தாயின் பெயரையும் சேர்க்கலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் வழிவிட்டது. 2022ஆம் ஆண்டின் 131ஆம் தீர்ப்பு இன்னும் போனது: இனி பிள்ளைக்கு இருவரின் பெயரும், அவர்கள் விரும்பும் வரிசையில், ஒன்று மட்டும் போதுமென்றால் அதற்கு இருவரின் சம்மதம் வேண்டும். கடைசிப் பெண் வாரிசோடு முடியவிருந்த அரிய பெயர்களுக்கு இது நிஜமான ஆயுள் நீட்டிப்பு.

பெரியவர்களும் பெயர் சேர்க்கலாம். தாய்வழிப் பாட்டனின் அரிய பெயர் அழியாமலிருக்க அதைத் தன் பெயரோடு சேர்க்க நினைப்பவர், மாவட்டத்தில் மத்திய அரசின் பிரதிநிதியான ப்ரெஃபெத்தோவிடம் காரணங்களோடு மனுப் போட வேண்டும். முதற்கட்ட அனுமதி கிடைத்தால் மனுவின் சுருக்கத்தை முப்பது நாள் நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். பிறப்புப் பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்துக் காட்டியவர்களின் மனு பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். வீட்டுப் பேச்சை மட்டும் நம்பிப் போடுவது நிற்காது.

ஆனால் 2000ஆம் ஆண்டின் 396ஆம் எண் ஆணை, 89ஆம் பிரிவு, ஒரு கதவைத் தாழிட்டுவிட்டது: வரலாற்று முக்கியத்துவம் உள்ள பெயரையோ, புகழ்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று பிறரை மயங்கவைக்கும் பெயரையோ எந்த நிலையிலும் கேட்க முடியாது. ஆகவே மறைந்துகொண்டிருக்கும் ஒரு கிராமத்துக் கொல்லர் குடும்பத்தின் பெயரைப் பேத்தி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புவோனரோத்தியை விரும்பி மனுப் போடுகிறவருக்கு அறிவிப்புப் பலகை வரை போகும் வேலையே இருக்காது.